மரத்தின் வேர் உணரும் உப்பு: மர்ரே நதியின் வெள்ளச் சமவெளிக் காடுகளில் மண்ணின் உவர்ப்பை அளக்கும் முறை

தெற்கு ஆஸ்திரேலியாவில் ரென்மார்க் நகருக்கு வடகிழக்கே, மர்ரே நதியின் கிளை ஓடைகளுக்கு இடையில் விரிந்து, நியூ சவுத் வேல்ஸ் எல்லைக்குள்ளும் நீளும் சோவில்லா வெள்ளச் சமவெளி சுமார் 17,700 ஹெக்டேர் பரப்புடையது. ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மி.மீ. மழையே பெய்யும் அந்தப் பாதி வறண்ட நிலத்தில், ஓடைக்கரைகளில் ரிவர் ரெட் கம் மரங்களும், கரையை விட்டுச் சற்று உயர்ந்த களிமண் பரப்பில் பிளாக் பாக்ஸ் மரங்களும், இடையிடையே லிக்னம் புதர்களும் நிற்கின்றன. ரிவர் ரெட் கம் என்பது நமக்கு அறிமுகமில்லாத மரம் அன்று. தமிழ்நாட்டில் தைலமரம் என்றும் ஆர்.எஸ்.பதி என்றும் அழைக்கப்பட்டுத் தோப்புகளாக நடப்படும் யூகலிப்டஸ் இனங்களில் ஒன்றான யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ்தான் அது. அங்கே அது நட்ட மரமாக இல்லாமல், வெள்ளம் வந்து போகும் தாளத்துக்கு ஏற்பத் தானாக முளைத்துப் பல நூறு ஆண்டுகள் வாழும் காட்டுமரமாக இருக்கிறது.

அந்த மரங்களின் காலடியில் இருக்கும் நிலத்தடி நீர் பல இடங்களில் மீட்டருக்கு 40 டெசிசைமன்ஸைத் தாண்டும் உவர்நீர். டெசிசைமன்ஸ் என்பது மின்கடத்துத் திறனின் அலகு; நீரில் உப்பு கூடக் கூட இந்த எண்ணும் கூடும். கடல்நீரின் அளவு 50 டெசிசைமன்ஸை ஒட்டியது என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். முன்பு இந்த நீர் ஆழத்தில் இருந்தது. அடிக்கடி வந்த வெள்ளம் மேல்மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிக் கீழே தள்ளியது. மேல்நதியில் கட்டப்பட்ட அணைகளும் பாசனத்துக்காக எடுக்கப்பட்ட நீரும் நடுத்தர வெள்ளங்களைக் குறைத்துவிட்டன. 1930-இல் கட்டப்பட்ட 6-ஆம் எண் தடுப்பணை ஆற்றின் நீர்மட்டத்தை நிரந்தரமாக உயர்த்தி, அதோடு நிலத்தடி நீரையும் மேலே தூக்கிவிட்டது. மேலே வந்த உவர்நீர் நுண்துளைகள் வழியே ஏறுகிறது. மரம் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை வேர்ப்பகுதியிலேயே விட்டுவிடுகிறது. கழுவிவிட வெள்ளம் வருவதில்லை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2009 வரை நீண்ட பெருவறட்சியின்போது சோவில்லாவில் மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போனதற்கு வறட்சியோடு இந்த உப்பும் காரணம்.

இத்தகைய காட்டில் மண்ணின் உவர்ப்பை அளப்பது வயலில் அளப்பதைப் போன்றது அன்று. பயிருக்கு வகுக்கப்பட்ட அட்டவணையில் ‘மிக உவர்’ என்று குறிக்கப்படும் அடுக்கிலிருந்துதான் பிளாக் பாக்ஸ் மரம் நீர் குடித்துக்கொண்டிருக்கக்கூடும். ‘நல்ல மண்’ என்று குறிக்கப்படும் அடுக்கிலிருந்து அதற்கு ஒரு சொட்டும் கிடைக்காமல் போகக்கூடும். மண்ணில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை வேர் அறிவதில்லை. எஞ்சியிருக்கும் ஈரத்தில் அந்த உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது, அந்த ஈரத்தை மண் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்ற இரண்டின் கூட்டுச்சுமையையே வேர் உணர்கிறது. ஆகவே ஈரத்தை அளக்காமல் உப்பை மட்டும் அளந்த அறிக்கையை, இந்தக் காடுகளைப் பொறுத்தவரை, பாதி அறிக்கை என்றே கொள்ள வேண்டும்.

முதல் படி: கேள்வியைப் பிரித்துக்கொள்ளுதல்

களத்துக்குப் போகுமுன் இரண்டு கேள்விகளில் எதற்கு விடை வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: இந்த மரம் இன்று எவ்வளவு துன்பத்தில் இருக்கிறது? மற்றொன்று: இந்த இடத்தில் உப்பு சேர்கிறதா, கழுவப்படுகிறதா? முதற் கேள்விக்கு மண்ணீரின் செறிவும், இரண்டாவதற்கு ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கடியில் இருக்கும் உப்பின் மொத்த எடையும் தேவை. ஒரே மாதிரிகளிலிருந்து இரண்டையும் பெறலாம். ஆனால் ஒன்றின் விடையை மற்றதற்கு விடையாக எழுதிவிடக் கூடாது.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்தல்

சோவில்லா காப்பு நிலம் என்பதால் துளையிட அனுமதி பெற வேண்டும். அது அலுவலகச் சடங்கு மட்டும் அன்று. மர்ரே நதி, மல்லி (குட்டை யூகலிப்டஸ் புதர்க்காடு) நிலப்பகுதிகளின் முதல் மக்களுக்கு அந்நிலத்தின் மீது பூர்வ உரிமை 2011-இல் ஏற்கப்பட்டது. பட்டை உரித்துத் தோணி செய்த வடுக்கள் தாங்கிய பழைய மரங்களும், மணல் மேடுகளில் புதைந்திருக்கும் முன்னோரின் எலும்புகளும் அங்கே உண்டு. எங்கே துளையிடக் கூடாது என்று அவர்களிடம் முதலில் கேட்டறிந்த பிறகே வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும்.

ஓடைக்கரையிலிருந்து சமவெளியின் உள்நோக்கி ஒரு நேர்க்கோடு போடுங்கள். கரையை ஒட்டிய சில பத்து மீட்டர்களில் ஓடையின் நன்னீர் பக்கவாட்டில் ஊறி உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கும்; உள்ளே போகப் போக அது மறைந்துவிடும். கரையோரம், இடைப்பகுதி, உட்பகுதி என மூன்று இடங்களிலாவது, ஒவ்வோர் இடத்திலும் நலமான மரம் ஒன்றும் நலிந்த மரம் ஒன்றும் இருக்குமாறு தேர்ந்தெடுப்பது நல்லது. ஒவ்வொரு மரத்துக்கும் விதானத்தின் பரப்பையும் இலையடர்த்தியையும் விழுக்காட்டில் மதிப்பிட்டு, ஒளிப்படம் எடுத்து, தண்டிலிருந்து புதிதாக வெடித்துவரும் தளிர்கள் உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அத்தளிர்களை நலத்தின் அறிகுறி என்று அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். பெரும் இழப்புக்குப் பின் உயிர் பிழைக்க மரம் செய்யும் முயற்சியாகவும் அவை இருக்கலாம்.

மூன்றாம் படி: மின்காந்தக் கருவியோடு ஒரு நடை

எல்லா இடத்திலும் துளையிட முடியாது. எங்கே துளையிட்டால் பயன் என்பதைக் காட்டுவது மின்காந்தத் தூண்டல் கருவி. ஒரு மீட்டர் இடைவெளியில் இரு சுருள்கள் கொண்ட இ.எம்.38 கருவியைச் செங்குத்து நிலையில் பிடித்தால் சுமார் 1.5 மீட்டர் ஆழம் வரையும், படுக்கை நிலையில் பிடித்தால் சுமார் 0.75 மீட்டர் வரையும் உள்ள மண்ணின் கூட்டு மின்கடத்துத் திறன் கிடைக்கும். 3.66 மீட்டர் இடைவெளியுள்ள இ.எம்.31 ஏறத்தாழ 6 மீட்டர் வரை பார்க்கும். பிளாக் பாக்ஸின் வேர்கள் களிமண்ணைத் துளைத்துக் கீழுள்ள மணல் அடுக்கு வரை செல்வதால், ஒரே ஒரு கருவிதான் கிடைக்கும் என்றால் நான் இ.எம்.31-ஐயே தேர்வேன்.

கருவியை இயக்கிச் சூடேறவிட்டு, உற்பத்தியாளர் கூறும் முறையில் சுழியாக்கிய பிறகே நடக்கத் தொடங்குங்கள். இடுப்புவாரின் கொக்கி, கைப்பேசி, இரும்பு முனை வைத்த காலணி, அருகில் நிறுத்திய வண்டி, பழைய கம்பிவேலி ஆகிய அனைத்தும் அளவீட்டைக் கெடுக்கும். ஓர் அடிப்படைப் புள்ளியைக் குறித்துவைத்து மணிக்கு ஒருமுறை அங்கே திரும்பி அளந்தால், வெயிலில் கருவி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது தெரியும். மண்ணின் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் மின்கடத்துத் திறன் ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும் என்பதால், எல்லா எண்களையும் 25 பாகை செல்சியஸுக்கு மாற்றி எழுத வேண்டும்.

இக்கருவி உப்பை மட்டும் பார்ப்பதில்லை; ஈரத்தையும் களியையும் சேர்த்தே பார்க்கிறது. ஈரமான நன்னீர்க் களியும் உலர்ந்த உவர் வண்டலும் ஒரே எண்ணைத் தரக்கூடும். ஆகவே அது தரும் வரைபடத்தை உவர்ப்பு வரைபடம் என்று அழைக்காமல், துளையிட வேண்டிய இடங்களின் வரைபடம் என்று கொண்டு, உயர்ந்த, நடுத்தர, குறைந்த அளவுகள் வந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் துளை அமையுமாறு திட்டமிடுங்கள்.

நான்காம் படி: துளையும் மாதிரியும்

மரத்தின் விதானம் நிழலிடும் எல்லையை ஒட்டி, ஆகர் எனப்படும் கைத்துரப்பணத்தால் துளையிடலாம். காற்று வீசும் நாளில் பெரிய ரெட் கம் மரத்தின் கிளைகளுக்குக் கீழே நிற்காதீர்கள். முன்னறிவிப்பு ஏதுமின்றிக் கனத்த கிளையை உதிர்க்கும் மரம் என்று அது அந்நாட்டில் பெயர் பெற்றது. கோடையில் பாம்புகளும் உண்டு. விழுந்த கட்டையைத் தாண்டுமுன் அதன் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே கூனம்பிட்ஜல் களி என்னும் சாம்பல் நிறக் களிமண் பெரும்பாலும் 2 முதல் 5 மீட்டர் தடிப்பில் இருக்கும். அதன் கீழே மோனோமன் மணல். முதல் அரை மீட்டரை 0–10, 10–25, 25–50 செ.மீ. எனவும், அதற்குக் கீழே அரை மீட்டர் அடுக்குகளாகவும் பிரித்து, நீர்மட்டத்தை ஒட்டிய ஈர விளிம்பு வரை எடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஆகரில் வருவது குழம்பு. அதை மண் மாதிரியாகக் கொள்ள வேண்டாம். களி மணலாக மாறும் எல்லை ஓர் அடுக்கின் நடுவில் வந்தால், அந்த அடுக்கை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். ஒன்றோடொன்று கலந்த களியும் மணலும் பிற்பாடு எந்தக் கணக்குக்கும் உதவாது.

துரப்பணம் மேலே வரும்போது துளையின் பக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டு வருவதால், ஒவ்வொரு முறையும் மேலுள்ள ஓரிரு செ.மீ. மண்ணையும் ஓரங்களையும் கழித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். எடுத்த உடனே காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, நாடாவால் சுற்றி, நிழலில் வெப்பம் தாக்காத பெட்டியில் வையுங்கள். கணக்கில் ஈரம் வகுக்கும் எண்ணாக வருகிறது. 20 விழுக்காடு ஈரமுள்ள மாதிரி வண்டியில் காய்ந்து 18 விழுக்காடாகக் குறைந்தால், மண்ணீரின் உவர்ப்பு 11 விழுக்காடு கூடுதலாக வந்துவிடும். அப்பிழையைக் கண்டுபிடிக்கவும் வழியிருக்காது.

ஒரு மரக்கூட்டத்துக்கு மூன்று துளைகள் தேவை. மூன்று துளைகளின் ஒரே ஆழ மாதிரிகளைச் செலவு கருதி ஒன்றாகக் கலக்கலாம். வெவ்வேறு ஆழங்களை ஒருபோதும் கலக்கக் கூடாது. வேலை முடிந்ததும் எடுத்த வரிசையை மாற்றாமல், மணலை அடியிலும் களியை மேலேயும் போட்டுத் துளையை மூடுங்கள். திறந்து விட்ட துளை பல்லிகளுக்கும் தவளைகளுக்கும் பொறியாகும். அடுத்த வெள்ளம் வரும்போது நன்னீர் குறுக்குவழியில் கீழே இறங்கும் குழாயாகவும் ஆகிவிடும்.

ஐந்தாம் படி: ஆய்வுக்கூட வேலை

ஒவ்வொரு மாதிரியையும் இரு பங்காக்குங்கள். ஒரு பங்கை எடைபோட்டு, 105 பாகையில் 24 மணிநேரம் உலர்த்தி, மீண்டும் எடைபோட்டால், ஒரு கிராம் உலர் மண்ணுக்கு எத்தனை கிராம் நீர் என்னும் எடைவழி ஈரம் கிடைக்கும். மறுபங்கை 40 பாகையில் உலர்த்தி, பொடித்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு வாலை வடிநீர் சேர்த்து, ஒரு மணிநேரம் குலுக்கி, தெளியவிட்டு, மின்கடத்துத் திறனை அளக்க வேண்டும். இதுவே ஆஸ்திரேலியாவில் வழக்கமான 1:5 முறை. நம் நாட்டு மண் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் 1:2 அல்லது 1:2.5 விகிதத்தைப் பயன்படுத்துவதால், இங்குள்ள மண்வள அட்டையின் இ.சி. (மின்கடத்துத் திறன்) எண்ணையும் அங்குள்ள எண்ணையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது.

அளவியை 1.413, 12.88 டெசிசைமன்ஸ் என்னும் இரு நியமக் கரைசல்களாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1:5 கரைசலுக்கு முதலாவது போதும். நிலத்தடி நீரைத் தொடும்போது இரண்டாவது இல்லாமல் முடியாது.

பலர் கவனிக்காமல் விடுவது ஜிப்சம். இந்தக் களிமண்ணில் வெள்ளைப் படிகங்களாக ஜிப்சம் கிடப்பதுண்டு. களத்தில் இருக்கும் சிறிதளவு ஈரத்தில் அதன் மிகச் சிறு பகுதியே கரைந்திருக்கும். ஐந்து மடங்கு நீர் ஊற்றிக் குலுக்கும்போது பெரும்பகுதி கரைந்துவிடும். ஜிப்சம் நிறைகரைசலின் மின்கடத்துத் திறன் மட்டுமே சுமார் 2.2 டெசிசைமன்ஸ். இவ்வாறு மரம் உணராத உப்பையும் அளவி சேர்த்துக் காட்டிவிடும். அதனால் அதே 1:5 கரைசலில் குளோரைடையும் அளக்கச் சொல்லுங்கள். நன்கு கரையக்கூடிய குளோரைடு மண்ணில் ஒளிந்துகொள்வதில்லை. இப்பகுதியின் உப்பு பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடுதான். இ.சி.யும் குளோரைடும் எல்லா மாதிரிகளிலும் ஒன்றாக ஏறி இறங்கினால் இ.சி.யை நம்பலாம். இ.சி. உயர்ந்து குளோரைடு தாழ்ந்திருக்கும் அடுக்கில் ஜிப்சத்தைத் தேடுங்கள்.

ஆறாம் படி: கணக்கு

வழக்கமான அறிக்கைகள் 1:5 எண்ணை மண்ணின் இழைநயத்துக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, நிறைவுற்ற பசைக் கரைசலின் இ.சி.யாக மாற்றும். மணற்பாங்கான வண்டலுக்குச் சுமார் 14, வண்டலுக்குச் சுமார் 10, களிவண்டலுக்கும் இலேசான களிக்கும் 8.6 முதல் 9, கனத்த களிக்குச் சுமார் 6. இதில் வரும் விடை 4-ஐத் தாண்டினால் உவர்மண் என்பது பயிர்க் கணக்கு. வேறு இடங்களோடு ஒப்பிட இந்த எண் வேண்டும் என்பதால் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் நிலையை அதைக்கொண்டு தீர்மானிக்க வேண்டாம். நிறைவுற்ற பசை என்பது ஆய்வுக்கூடத்தில் நீர் ஊற்றிச் செய்தது. சோவில்லாவின் கோடையில் அந்தப் பசை எங்கும் இல்லை.

மரத்துக்கான கணக்கு எளிது. 1:5 இ.சி.யை 5-ஆல் பெருக்கி, களத்து ஈரத்தால் வகுத்தால், வேர் தொடும் மண்ணீரின் தோராய இ.சி. கிடைக்கும். அதை 0.036-ஆல் பெருக்கி எதிர்க்குறி இட்டால், உப்பினால் உண்டாகும் சவ்வூடு திறன், மெகாபாஸ்கல் என்னும் அழுத்த அலகில் வரும். இந்த எண் சுழிக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவு கடினமாக வேர் நீரை இழுக்க வேண்டும். குளோரைடிலிருந்து தொடங்குவதானால், மண்ணீரில் லிட்டருக்கு 10,000 மி.கி. குளோரைடு என்பது ஏறத்தாழ −1.4 மெகாபாஸ்கலுக்குச் சமம். மற்றவற்றை அதே விகிதத்தில் கணக்கிடலாம்.

இதோடு மண் நீரை இறுக்கிப் பிடிக்கும் திறனையும் கூட்ட வேண்டும். அதை அளக்க மலிவான வழி வடிதாள் முறை. வாட்மன் 42 எண் வடிதாள்கள் மூன்றை அடுக்கி ஈரமண்ணுக்கு நடுவே வைத்து, புட்டியை அடைத்து, வெப்பநிலை மாறாத இடத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் வைத்த பின், மண் ஒட்டாத நடுத்தாளைப் பத்தாயிரத்தில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் எடைபோட வேண்டும். தாள் உறிஞ்சிய ஈரத்திலிருந்து, அந்தத் தாளுக்கென வெளியிடப்பட்ட அளவுக்கோட்டின் மூலம் பிடிப்புத் திறன் கிடைக்கும். மாதிரியின் மேலுள்ள காற்றின் பனிநிலையைக் குளிர்ந்த கண்ணாடியால் அளந்து இரண்டு திறன்களின் கூட்டுத்தொகையை நேரடியாகச் சொல்லும் கருவிகளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவோரும் உப்பின் பங்கைப் பிரித்தறிய மேற்சொன்ன கணக்கைச் செய்தே ஆக வேண்டும்.

வழிமுறையைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை வைத்துப் பார்ப்போம். பிளாக் பாக்ஸ் நிற்கும் ஓரிடத்தில், கால் மீட்டரிலிருந்து அரை மீட்டர் வரையுள்ள களிவண்டலில் 1:5 இ.சி. 0.4, ஈரம் 0.08 என்க. மண்ணீர் 25 டெசிசைமன்ஸ். சவ்வூடு திறன் −0.9, உலர்ந்த மண் என்பதால் பிடிப்புத் திறன் −3.0, மொத்தம் −3.9 மெகாபாஸ்கல். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரையுள்ள களியில் இ.சி. 1.5, ஈரம் 0.16. மண்ணீர் சுமார் 47. சவ்வூடு திறன் −1.7, பிடிப்புத் திறன் −1.0, மொத்தம் −2.7. மூன்று மீட்டருக்குக் கீழே, நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஈரமணலில் இ.சி. 0.9, ஈரம் 0.20. மண்ணீர் 22.5, சவ்வூடு திறன் −0.8, பிடிப்புத் திறன் −0.1, மொத்தம் −0.9.

பயிர் அட்டவணைப்படி மேலடுக்கின் இ.சி. சுமார் 3.4, அது ‘ஏற்கத்தக்கது’. அடிமணலின் இ.சி. சுமார் 12.6; அது ‘மிக உவர்’. ஆனால் மரத்துக்குத் தண்ணீர் இருப்பது அடிமணலில்தான். 1990-களில் சோவில்லாவில் நீரின் ஐசோடோப்புகளைக் கொண்டு செய்த ஆய்வுகளும் இம்மரங்கள் உவர் நிலத்தடி நீரைக் குடிப்பதைக் காட்டின. ஓடைக்கரையிலேயே நிற்கும் ரெட் கம் மரங்கள்கூடத் தம் தேவையில் ஒரு பகுதியை மட்டுமே ஓடையிலிருந்து எடுத்துக்கொண்டன. பெரும்பாலான பயிர்கள் வாடி மீளாத −1.5 மெகாபாஸ்கல் என்னும் எல்லை இம்மரங்களுக்குப் பொருந்தாது. இரு மரங்களுள் உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்குவது பிளாக் பாக்ஸ்.

ஏழாம் படி: நிலத்தடி நீரைப் பார்த்தல்

அருகில் கண்காணிப்புக் குழாய்க்கிணறு இருந்தால் நீர்மட்டத்தின் ஆழத்தை முதலில் அளந்து, பின் குழாயில் நிற்கும் நீரைப் போல் மூன்று மடங்கை இறைத்து வெளியேற்றி, புதிதாக ஊறும் நீரின் இ.சி.யை அளக்க வேண்டும் என்பது பொது விதி. இறைப்பதற்கு முன் அளவியை மெல்ல இறக்கி, மேலிருந்து கீழ்வரை இ.சி. எப்படி மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் துளையுள்ள பகுதி நீர்மட்டத்தைக் கடந்து நீண்டிருந்தால், மேலே மிதக்கும் நன்னீர்ப் படலம் இருக்கிறதா என்பதற்கு அது ஒரு சாடை தரும். இறைத்துக் கலக்கிய பின் அந்தச் சாடை கிடைக்காது.

நீர்மட்டம் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வந்து நீண்டநாள் நின்றால், களிமண்ணின் நுண்துளைகள் வழியே உப்பு மேலேறும் வேகம் கூடும். தரையில் உப்பு பூத்திருப்பதைக் கண்டபின் அளக்கத் தொடங்குவது காலங்கடந்த செயல்.

எட்டாம் படி: மரத்தையே சாட்சியாக்குதல்

இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போது மரத்தின் உள்ளே உள்ள நீரியல் திறன், வேர்கள் எட்டும் மண்ணின் மொத்தத் திறனோடு (சவ்வூடு திறன், பிடிப்புத் திறன் ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடு) ஏறத்தாழச் சமநிலைக்கு வந்துவிடும். ஆகவே விடியலுக்கு முன், கிழக்கு வெளுக்கத் தொடங்குமுன்பே, இலைக்காம்பையோ சிறு கொம்பையோ வெட்டி, பையில் அடைத்து, அழுத்தக் கலத்தில் வைத்து, வெட்டுமுனையில் சாறு அரும்பும் வரை நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அந்த அழுத்தத்தை எதிர்க்குறியோடு எழுதினால் மரத்தின் விடியல் நீரியல் திறன் கிடைக்கும். ஒரு மரத்தில் மூன்று நான்கு கொம்புகளையாவது அளந்து சராசரி எடுங்கள்.

இந்த எண்ணை ஆறாம் படியில் கிடைத்த அடுக்குகளோடு வைத்துப் பாருங்கள். மேலே காட்டிய இடத்தில் மரம் −1.1 என்று சொன்னால் அது அடிமணலை நம்பி வாழ்கிறது. −2.8 என்று சொன்னால் அதன் வேர் அடிமணலை எட்டவில்லை, நடுக்களியோடு போராடிக்கொண்டிருக்கிறது. எல்லா அடுக்குகளையும்விட உயர்ந்த எண்ணை, எடுத்துக்காட்டாக −0.4 என்பதை, மரம் சொல்லுமானால், நீங்கள் துளையிடாத ஏதோ ஓரிடத்தில் அதற்கு நல்ல நீர் இருக்கிறது என்று பொருள். அப்போது ஐயப்பட வேண்டியது உங்கள் துளையின் இடத்தையும் ஆழத்தையும்தான்.

ஒன்பதாம் படி: வெள்ளத்துக்கு முன்னும் பின்னும்

சோவில்லா ஓடையில் கட்டப்பட்ட மதகு 2014 முதல் செயற்கையாக நீரைத் தேக்கிச் சமவெளியின் ஒரு பகுதியை நனைத்துவருகிறது. 2022-இன் இறுதியில் 1956-க்குப் பிறகான மிகப்பெரிய வெள்ளம் இயற்கையாகவே வந்தது. இரண்டு வகையிலும் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றே: உப்பு போயிற்றா, வெறுமனே நீர்த்துப்போயிற்றா?

முன் சொன்ன நடுக்களியில் வெள்ளத்துக்குப் பின் ஈரம் 0.16-இலிருந்து 0.30 ஆகி, 1:5 இ.சி. மட்டும் 1.5-லேயே நிற்கிறது என்க. மண்ணீர் 47-இலிருந்து 25 ஆகக் குறையும், மரம் தளிர்க்கும், பார்ப்பவர் மகிழ்வர். ஆனால் ஒரு கிராம் உப்பும் வெளியேறவில்லை. மரம் அந்த ஈரத்தைக் குடித்து முடித்ததும் பழைய 47 திரும்பிவிடும். இதைக் கண்டறிய ஒவ்வோர் அடுக்கிலும் குளோரைடின் எடையைக் கணக்கிடுங்கள். ஒரு கிலோ மண்ணில் 1,500 மி.கி. குளோரைடும், ஒரு கன மீட்டர் உலர் மண்ணின் எடை 1,500 கிலோவும் என்றால், அரை மீட்டர் தடித்த அடுக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 கிலோ குளோரைடு இருக்கிறது. எல்லா அடுக்குகளையும் கூட்டி, முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். மொத்தம் குறைந்தால் கழுவப்பட்டது. மொத்தம் மாறாமல் கீழடுக்குக்கு இறங்கியிருந்தால் பாதி வெற்றி. மொத்தமும் இடமும் மாறாவிட்டால் நிகழ்ந்தது நீர்த்தல் மட்டுமே. களி கனமாகவும் வெள்ளம் சில வாரங்களே நின்றும் போனால் மூன்றாவது முடிவு வருவது வியப்பன்று.

முதல் அளவீட்டை வெள்ளத்துக்கு முந்தைய கோடையின் முடிவில், அதாவது அந்நாட்டுக் கணக்கில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மண் மிக உலர்ந்திருக்கும்போது எடுங்கள். இரண்டாவதை நீர் வடிந்து தரை கால் தாங்கும் நிலைக்கு வந்தவுடன் எடுங்கள். மூன்றாவதை ஓராண்டு கழித்து, முதல் அளவீட்டின் அதே மாதத்தில் எடுங்கள். செலவைக் குறைக்கச் சொன்னால் பெரும்பாலோர் மூன்றாவதைத்தான் வெட்டுவார்கள். என் கணக்கில் இரண்டாவதை விட்டாலும் மூன்றாவதை விடக் கூடாது, ஏனெனில் வெள்ளத்தோடு உயர்ந்த நிலத்தடி நீர் தணியும் காலத்தில்தான் உப்பு மீண்டும் மேலேறுகிறதா என்பது தெரியவரும்.

ஒவ்வொரு முறையும் அதே மரத்துக்கு அதே திசையில், பழைய துளையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளித் துளையிடுங்கள். மூடிய பழைய துளையின் மண் கலைந்த மண். வெள்ளம் அதன் வழியே எளிதாக இறங்கியிருக்கும், அது காட்டும் நன்னீர் சுற்றிலுமுள்ள களிக்கு எட்டியிருக்காது. துளைகளின் இடத்தை மரத்தின் எண், திசை, தண்டிலிருந்து தூரம் ஆகியவற்றோடு குறிப்பேட்டில் எழுதி, தரையில் மரமுளை ஒன்றை அடித்து வையுங்கள். இரும்பு முளை வேண்டாம், அடுத்த முறை மின்காந்தக் கருவியோடு அந்த வழியாகத்தான் நடக்க வேண்டியிருக்கும்.